அறுபது பெட்டிகளும் ஒரு பீரோவும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரி. பக்கத்தில் உயிரியல் பூங்கா இருப்பதால் எங்கள் ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் அடிக்கிற ஜோக் ஒன்று உண்டு. அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. நான் கம்ப்யூட்டர் துறையில் உதவிப் பேராசிரியர், பெயர் ஜெயப்ரியா. சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒரு கையால் நியமன ஆணையை நீட்டினார்கள், இன்னொரு கையை வெறுமனே நீட்டினார்கள். அந்த வெறுங்கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஆரம்பித்து எம்.இ. பட்டம் வரை என் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். ஆசிரியர்கள் பாதியில் ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. எல்லோரும் வைத்தார்கள், நானும் வைத்தேன்.

அவை போய்ச் சேர்ந்த இடம் தாளாளர் தனக்கோடி அவர்களின் அறையிலிருந்த இரும்பு பீரோ. கல்லூரி நிற்கிற நிலம் அவருடைய குடும்பம் நெல் போட்ட நிலம். அந்த நிலத்தின் பத்திரம், பட்டா எல்லாம் எந்த பீரோவில் இருந்ததோ அதே பீரோவில் எங்கள் படிப்பும் இருந்தது. "எங்க வூட்டு பத்திரத்தோட கீதும்மா உங்க பேப்பரு. ஒரு கரையான் கிட்ட வராது" என்று பெருமையாகச் சொல்வார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சம்பளத்தை ஒரு மாதம் கூடத் தள்ளிப்போட்டதில்லை. எங்கள் காகிதங்களைக் காப்பாற்றுவது தன் கடமை என்றே மனதார நம்பினார். அதனாலேயே அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை.

ஒரு முறை அரசு வேலை ஒன்றுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. கெஞ்சிக் கேட்டதில் சான்றிதழ்களை அனுப்பினார்கள், கூடவே ஓர் அலுவலக ஆளையும் அனுப்பினார்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் என் எதிர் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார், என் எம்.இ. பட்டம் அவர் மடியில் இருந்தது. பல்லாவரத்தில் இஞ்சி மரப்பான் மிட்டாய் விற்கிறவர் ஏறினார், அப்போது கூட அலுவலக ஆள் ஃபைலிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கிடைத்த இரண்டு வேலைகளும் "ஒரிஜினல் எப்போ கொண்டு வருவீங்க?" என்ற கேள்வியோடு நின்றுபோயின.

மூன்றாவதாக, சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று நல்ல தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் துறைத்தலைவர் கேசவன் சாரிடம் போய் நின்றேன். கேசவன் சார் கல்லூரி தொடங்கிய வருடமே சேர்ந்தவர், அவருடைய சான்றிதழ்களும் அதே பீரோவில்தான். அவர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி படித்தார். பிறகு என்னைத் தாளாளரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"போறவள புடிச்சா வச்சிக்க முடியும்?" என்றார் தனக்கோடி. "அந்த கிளவுடு வொர்க்‌ஷாப்பு கீதே, அத்த நல்லபடியா முடிச்சிக் குடுத்துட்டு உன் பேப்பர எடுத்துக்கினு போய்க்கினே இரு."

எனக்குக் காலில் விழலாமா என்று கூடத் தோன்றியது. விழவில்லை. நன்றி சொன்னேன்.

அந்தப் பயிற்சிப் பட்டறை வெள்ளி, சனி இரண்டு நாள். வெளிக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள், ஒரு பெரிய கம்பெனி அதிகாரி சிறப்பு விருந்தினர். மாணவர்கள் இங்கே உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுத வேண்டும், அதை இணையம் வழியாக எங்கோ தூரத்தில் இருக்கும் கிளவுட் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். கேட்க எளிது. ஆனால் அறுபது கம்ப்யூட்டரிலும் மொழி, கருவிகள், அவற்றின் பதிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் பழசு, ஒன்றில் புதுசு என்று இருந்தால் முதல் நாள் முழுக்க "எனக்கு மட்டும் எரர் வருது மேடம்" என்பதிலேயே போய்விடும். அதற்குத்தான் கன்டெய்னர். தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிடுவது. அந்தப் பெட்டியை எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் உள்ளே இருப்பது ஒரே உலகம்தான், வெளியே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

பெட்டியை நான் சேலையூரில் என் வீட்டிலேயே தயார் செய்தேன். சொன்னால் தற்பெருமையாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன், அருமையான பெட்டி. ஒரே ஒரு கட்டளை, திரையில் எல்லாம் தயார். நான் போன பிறகு யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும், எனக்கு போன் பண்ணக் கூடாது, அதுதான் என் குறிக்கோள். அத்தனை அக்கறையாக நான் கல்யாணச் சமையலுக்குக் கூட வெங்காயம் நறுக்கியதில்லை.

சிக்கல் லேபில் இருந்தது. எங்கள் லேப் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு காவல் மென்பொருள் போட்டிருந்தார்கள். மாணவர்கள் எதைச் சேர்த்தாலும் எதைக் கெடுத்தாலும், ஒரு தடவை அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அணைக்காத வரைக்கும்தான் புதிதாகப் போட்டது இருக்கும். அந்தக் காவலைத் தளர்த்த ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். அது தெரிந்த சிஸ்டம் அட்மின் ஒரு நாள் சாப்பிடப் போனவர் திரும்பி வரவேயில்லை. அவருடைய சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொண்டது, கல்லூரியின் பாஸ்வேர்டை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே வேறு வழியில்லாமல் ஒரு முடிவு செய்தேன். பட்டறைக்கு முன்னால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பெட்டியை இறக்குவது, பட்டறை முடியும் வரை ஒன்றையும் அணைக்காமல் ஓடவிடுவது. மின்சாரம் போனால் தாங்க யு.பி.எஸ். இருந்தது. என்னோடு வேலை செய்ய ஜீவிதா வந்தாள்.

ஜீவிதா அந்த வருடம்தான் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா எத்திராஜ் கடலுக்குப் போகிறவர், அம்மா அங்காளம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். யாராவது இருந்தால் என்னை "மேடம்" என்பாள், தனியாக இருந்தால் "அக்கா" என்பாள். தற்காலிகம் என்பதால் அவளிடம் இன்னும் ஒரிஜினல் வாங்கவில்லை.

இணையத்தில் இறக்கினால் எங்கள் கல்லூரி வேகத்துக்கு அடுத்த தீபாவளி ஆகிவிடும். என் ஹார்டு டிஸ்கை ஒவ்வொரு மேசையாகச் சொருகி இறக்கினோம். புதன், வியாழன் இரண்டு பகலும் அதற்கே போயின. கோப்பு இறங்குவதைக் காட்டும் பச்சைப் பட்டை திரையில் ஊர்ந்து முடியும் வரை பேச நேரம் இருந்தது.

"கேசவன் சார் சொன்னாருக்கா," என்றாள் ஜீவிதா. "நீங்க போனா அந்த எடம் எனக்குக் கெடைக்கலாமாம். பர்மனென்ட்."

"ஒரிஜினல் கேப்பாங்களே?"

"குடுத்துட்டுப் போறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். "ஜெராக்ஸ் குடு, ஒரிஜினல் மட்டும் குடுக்காத. என்னைப் பாத்துமா உனக்குப் புரியலை?"

"உங்களுக்குப் பர்மனென்ட் இருக்கு. அதனால வேணாம்னு சொல்ல முடியுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது. பதில் வைத்திருந்தேன், ஆனால் அதற்குள் பச்சைப் பட்டை முடிந்துவிட்டது.

வியாழன் சாயங்காலம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பெட்டி இறங்கிவிட்டது. ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் 'அணைக்கக் கூடாது' என்று சீட்டு எழுதி ஒட்டினோம். கேசவன் சார் வந்து பார்த்தார். அவரிடமும் சொன்னேன், வாட்ச்மேனிடமும் சொன்னேன். பெருங்களத்தூர் நெரிசலில் பஸ் அரைமணி நேரம் நின்றபோது கூட எனக்குக் கோபம் வரவில்லை. திங்கட்கிழமை எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை லேப் வாசலில் கோலம், வாழைமரம், குத்துவிளக்கு. உள்ளே போனேன். மின்விசிறிச் சத்தம் இல்லை, கம்ப்யூட்டர்களின் முனகல் இல்லை. வரிசை வரிசையாக எல்லாத் திரைகளும் கறுப்பாக நின்றன. நாங்கள் ஒட்டிய சீட்டுகளை ஒன்று விடாமல் கிழித்துச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். சுவரிலிருந்த மெயின் ஸ்விட்ச்சுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

எங்கள் கல்லூரியில் எதைத் தொடங்கினாலும் அப்படித்தான். விருந்தினர் ரிப்பனை வெட்டி மெயினைப் போட வேண்டும், எல்லா விளக்கும், மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி வைத்திருந்த எல்லாக் கம்ப்யூட்டர் திரையும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும், கைதட்ட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எப்படித் தொடங்கிவைப்பது? அது அமங்கலமாம். கம்ப்யூட்டர் துறைத்தலைவரான கேசவன் சாருக்குக் காவல் மென்பொருள் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மெயினுக்குப் பொட்டு வைக்கிற பரபரப்பில் அவர் துறைத்தலைவராக இல்லை, பெண் வீட்டுக்காரராக இருந்தார்.

"யார் சார் அணைச்சது?"

"நான்தான். சும்மா புடுங்கலை ஜெயப்ரியா. காலையிலயே வந்து ஒவ்வொண்ணா ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் மெயினை ஆஃப் பண்ணேன்" என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த குங்குமக் கிண்ணத்தை மெதுவாக மேசை மேல் வைத்தார். "ஐயோ" என்றார்.

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. விருந்தினரும் தாளாளரும் வந்துவிட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள். மெயினைப் போட்டார்கள். எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் வெளிச்சமாயின, எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஒவ்வொரு திரையும் எங்கள் இரண்டு நாள் உழைப்பைச் சுத்தமாக மறந்துவிட்டுப் பச்சைக் குழந்தை மாதிரி என்னைப் பார்த்தது. பிறகு கூட்டம் அரங்கத்துக்குப் போயிற்று. அங்கே வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை. அது முடிந்ததும் மாணவர்கள் நேராக இங்கே வருவார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பட்டறையை நினைத்து இல்லை, அந்த பீரோவை நினைத்துத்தான். இது சொதப்பினால் தனக்கோடி பீரோவைத் திறக்க மாட்டார். "முடிச்சிக் குடுக்கலையேம்மா" என்பார், அதுவும் அன்பாகச் சொல்வார். சோழிங்கநல்லூர்க்காரர்கள் செவ்வாய்க்கிழமை வேறு யாரையோ கூப்பிடுவார்கள். நான் நரை விழும் வரை இதே லேபில் இதே கறுப்புத் திரைகளுக்கு நடுவில் இருப்பேன்.

"மேடம், உங்க லேப்டாப்ல அந்த ஃபைல் இருக்குல்ல?" என்றாள் ஜீவிதா.

"இருக்கு. ஆனா அறுபதும் என் லேப்டாப்புலேர்ந்து ஒரே நேரத்துல இழுத்தா எதுக்கும் போய்ச் சேராது. ஒண்ணொண்ணாக் குடுத்தா நாளைக்கும் முடியாது."

அவள் என் லேப்டாப்பையும் மேசை வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாமே உங்ககிட்டயே ஏன் வாங்கணும்? மொதல்ல ஒண்ணுக்குக் குடுப்போம். அது பக்கத்து சிஸ்டத்துக்குக் குடுக்கட்டும். அப்புறம் அந்த ரெண்டும் இன்னும் ரெண்டுக்குக் குடுக்கட்டும். வாங்கினது எல்லாம் குடுக்க ஆரம்பிச்சா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கு இடையில் லேபின் உள் வயர்கள் நல்ல வேகம். வெளி இணையம்தான் ஆமை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குக் கை ஓடும்.

அவள் இந்த வரிசை, நான் அந்த வரிசை. கோப்பை ஒரு கம்ப்யூட்டரில் பகிர்ந்துவிட்டு, அடுத்ததில் இழுத்து, பெட்டியை இறக்கி, அதையும் பகிர்ந்து, அடுத்தது. முதல் சில கம்ப்யூட்டர்கள் உயிரை வாங்கின. அதற்குப் பிறகு எங்களால்தான் அவற்றுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கேசவன் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாங்கள் சொன்ன கட்டளையை ஒவ்வொரு மேசையாகத் தட்டிக்கொண்டு வந்தார். நானே சொல்கிறேன், பிழையில்லாமல் தட்டினார். அரங்கத்தின் ஒலிபெருக்கி இங்கே வரை கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரவேற்புரை இன்னும் நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் கல்லூரி என்னைக் கைவிடவில்லை. வரவேற்புரைக்குப் பிறகு இன்னொருவர் எழுந்து வரவேற்றார்.

மாணவர்கள் உள்ளே வந்தபோது கடைசி வரிசையில் மட்டும் பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. அதுவும் அவர்கள் பையை வைத்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று ஒருவர் கூட "எனக்கு மட்டும் எரர்" என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் அவர்கள் எழுதிய புரோகிராம்கள் கிளவுடில் ஓடின. விருந்தினர் தன் கைபேசியிலேயே ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பசங்க பண்ணதா?" என்று இரண்டு தடவை கேட்டார். தனக்கோடி அவரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நிறைவு விழா முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். கேசவன் சாரும் வந்தார்.

தனக்கோடி எழுந்து பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் சிவப்புத் துணியில் சுற்றிய பத்திரங்கள், கீழ்த் தட்டுகளில் எங்கள் பிளாஸ்டிக் உறைகள். என் பெயர் எழுதிய உறையை எடுத்து மேசை மேல் வைத்தார். ஆனால் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாம நடத்துற பாலிடெக்னிக்லயும் இதே மாதிரி ஒண்ணு போடணும்னு கெஸ்ட்டு சொல்றாரு. நீ போய்ட்டா இத்த யாரும்மா பாத்துக்கறது?"

"யார் வேணும்னாலும் பாத்துக்கலாம் சார். எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு. ஒரே கட்டளைதான். கேசவன் சாரே நேத்து ஓட்டினார்."

தாளாளர் கேசவன் சாரைப் பார்த்தார். கேசவன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஓட்டினேன் சார், ஆனா மேடம் பக்கத்துல இருந்தாங்க. தனியா நமக்கு..." என்று இழுத்துவிட்டு, "ஜீவிதா இருக்காங்க சார். அவங்களுக்குத் தெரியும். பர்மனென்ட் பண்ணிட்டா பாத்துக்குவாங்க. வெளியதான் நிக்கறாங்க" என்றார்.

ஜீவிதா உள்ளே வந்தாள். அவள் கையில் ஒரு புது ஃபைல். வெளியிலிருந்து பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி ஃபைல். மேலாக, கோபுர முத்திரை போட்ட பத்தாம் வகுப்புப் பட்டியல். மூலை மடங்காமல், கறை படாமல், அத்தனை வருடம் கடற்காற்றிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தார்கள். கேசவன் சார் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், அவளும் தயாராகக் கொண்டுவந்திருக்கிறாள்.

"இன்னாம்மா ஜெயா, இந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியுமா?" என்றார் தனக்கோடி. "நீ சொன்னா போதும். அது உள்ள வரட்டும், நீ எடுத்துக்கினு கெளம்பு."

என் உறை என் கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. 'தெரியும் சார்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது உண்மையும் கூட. அந்தக் கண்ணாடி ஃபைலைப் பார்த்தேன். ரயிலில் என் எதிர் சீட்டில் யாரோ ஒருவர் மடியில் என் படிப்பு இருந்தது ஞாபகம் வந்தது. இவளுக்கும் அப்படி ஒரு நாள் வரும், இவளும் ஒரு வேலையை விட்டு, இன்னொரு வேலையை விட்டு, கடைசியில் இந்த அறையில் கை கட்டி நிற்பாள். எனக்கு வந்தது இரக்கம் இல்லை, பற்றிக்கொண்டு வந்த ஆத்திரம்.

"அவங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியாது சார்" என்றேன். "தனியா விட்டா திணறுவாங்க."

சொல்லும்போதே சோழிங்கநல்லூர் கைவிட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. கேசவன் சார் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அப்ப நீயே இரு. இன்னும் ரெண்டு வருசம் இருந்தா இன்னா, கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்" என்றபடி தனக்கோடி உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் ஜீவிதா.

அவள் அதோடு நிற்கவில்லை. பெட்டியை எப்படித் தயார் செய்வது, எங்கே சேமிப்பது, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எப்படி இறக்குவது, லேப் அணைந்து போனால் என்ன செய்வது, எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே, நான் பயன்படுத்திய வார்த்தைகளிலேயே சொன்னாள். தனக்கோடிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரிந்து பேசுகிறவர்களின் குரல் அவருக்குத் தெரியும். அவள் முடிவாகச் சொன்னாள், "நேத்து காலையில எல்லா சிஸ்டமும் போனப்ப, பக்கத்துக்குப் பக்கம் குடுக்கலாம்னு யாரு சொன்னதுன்னு மேடத்தையே கேளுங்க சார்."

"நெசமாம்மா?"

நான் என்ன சொல்வது? "ஆமா சார்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "ஜீவிதா, ஒரிஜினலைக் குடுக்காத. ஜெராக்ஸ் மட்டும் குடு. உனக்கு இருக்கற மூளைக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும். இந்த பீரோக்குள்ள போனா வெளிய வராது."

"ஜெயப்ரியா!" என்றார் கேசவன் சார்.

தனக்கோடி கோபிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. என் உறையைப் பிரித்து, சான்றிதழ்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக என் முன்னால் பரப்பினார். "இன்னாம்மா இப்டி சொல்ற? எலி கடிச்சிதா, செல்லு அரிச்சிதா? பாரு. நீ குடுத்த மாதிரியே புத்தம் புதுசா கீது."

ஆமாம், புத்தம் புதுசாகவே இருந்தன. ஓர் ஓரம் கூடக் கசங்கவில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டேன்.

ஜீவிதா என்னைப் பார்க்காமல் தன் ஃபைலைத் திறந்து சான்றிதழ்களை மேசை மேல் வைத்தாள். தனக்கோடி புது உறை தேடவில்லை. என்னுடையது காலியாகத்தான் இருந்தது. அதன் மேலிருந்த என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதி, உள்ளே போட்டு, பீரோவில் என் இடத்திலேயே வைத்துப் பூட்டினார். "நல்லா இரும்மா" என்று என்னிடமும் சொன்னார், அவளிடமும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "உனக்காகத்தான் சொன்னேன் ஜீவிதா."

"நான் உங்களுக்கு என்ன மேடம் பண்ணேன்?" அவள் கண் கலங்கியிருந்தது. "நாலு நாளா கூடவே நின்னேன். நேத்து நீங்க அழுதப்ப கூடவே இருந்தேன். எனக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்ல மனசு வரலை இல்ல?"

"அந்தப் பேப்பர் உன்கிட்ட இருக்கணும். அதுதான் உன் கையில இருக்கற..."

"என் வீட்டுல இருந்தா அது வெறும் பேப்பருதான் மேடம். மழை வந்தா அம்மா தலகாணிக்குள்ள எடுத்து வைக்கும். அவ்ளோதான். புயல் கூண்டு ஏத்துனா எங்கப்பா வாரக்கணக்குல வீட்டுலதான் இருக்கணும். எங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

நான் நகர்ந்து போயிருக்கலாம். கால் வரவில்லை. எத்திராஜ் கடல் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர், ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"அப்பா, பர்மனென்ட் பண்ணிட்டாங்கப்பா."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். யாரையோ கூப்பிட்டுச் சொல்கிறார். யாரோ விசில் அடிக்கிறார்கள்.

"ஆமாப்பா, எல்லாம் வாங்கிக்கினாங்க. மார்க் ஷீட்டு, டிகிரி, எல்லாமே. பெரிய இரும்பு பீரோல வச்சிப் பூட்டிட்டாங்க."

"பூட்டிட்டாங்களா?" எத்திராஜின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "அப்ப சரி கண்ணு. இனிமே உன்ன எவனும் வெளிய அனுப்ப முடியாது."

அவள் சிரித்தாள். நான் என் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன்.